“லீக்தானே, அடுத்த மாதம் பார்க்கலாம்”

சர்வர் பராமரிப்பில் இருப்பவர்களுக்கு இந்தப் பதில் பழகியிருக்கும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு அப்டேட் வந்திருக்கிறது, ரீபூட் செய்ய வேண்டும் என்று போய் நின்றால், “என்ன பிரச்சினை?” என்பார்கள். லீக் ஒன்றை, அதாவது எடுத்ததைத் திருப்பி விடாத பிழையை, அடைத்திருக்கிறார்கள் என்றதும் முகத்தில் அலட்சியம் வந்துவிடும். போன வாரமும் கேட்டுவிட்டு வந்தேன். அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

மெமரி கரையும், மிஞ்சிப்போனால் இயந்திரம் முடங்கும், மறுபடி இயக்கினால் சரியாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. லீக் ஆவது மெமரி மட்டும் என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். எண்ணிக்கை லீக் ஆனால் கதையே வேறு.

2016 ஜனவரியில் வெளியான சிவிஇ-2016-0728 என்ற ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண்.) லினக்ஸில் ஒரு பிராசஸின், அதாவது இயங்கும் நிரலின், ரகசியச் சாவிகளைச் சேர்த்து வைக்கும் கொத்துக்குக் கீரிங் என்று பெயர். அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கெர்னல் எண்ணிக்கொண்டே இருக்கும். பிடித்தால் ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும், சுழியமானால் குப்பைக்குப் போய்விடும். ஒரு பிராசஸ் தன் கையில் இருக்கும் அதே கீரிங்கையே மறுபடி கேட்டால், கெர்னல் அதைத் தேடி எடுத்து ஒன்று கூட்டும்; “அட, இதுதானே இருக்கிறது” என்று திரும்பிவிடும். கூட்டிய ஒன்றைக் குறைக்காது. 3.8 பதிப்பிலிருந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இப்படியே கிடந்தது.

ஒன்றுதானே? ஆனால் அந்த எண்ணிக்கைக்கு இடம் 32 பிட்தான். பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் முள் 99999-ஐத் தாண்டி 00000-க்கு வருமே, அதுபோல 429 கோடி முறை கேட்டால் சுழியத்துக்கே வந்துவிடும். கண்டுபிடித்த பெர்செப்ஷன் பாயிண்ட் ஆய்வாளர்களுக்கு இன்டெல் ஐ7-5500 செயலியில் அரை மணி நேரம் பிடித்தது. எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதை ப்ராக் அடைவில் உள்ள கீஸ் கோப்பை (/proc/keys)த் திறந்து பார்த்துக்கொள்ளலாம். கெர்னலே கணக்குச் சொல்லும்! சுழியமானதும் அந்த இடம் காலியாகும், பிராசஸ் மட்டும் பழைய முகவரியைப் பிடித்திருக்கும். அங்கே தனக்கு வேண்டியதை நிரப்பினால், சாதாரணப் பயனர் முழு அதிகாரமுள்ள ரூட் ஆகிவிடலாம். (பயனரின் மெமரியைக் கெர்னல் தொடாமல் தடுக்கும் எஸ்மெப், எஸ்மாப் காவல் உள்ள செயலிகளில் இவ்வளவு எளிதல்ல.)

திருத்தம்? ஒரே ஒரு வரி. விட வேண்டியதை விடு என்கிற வரி.

2017-இல் 4.11 பதிப்பில் இப்படி எண்ணுவதற்கென்றே வந்த ரெஃப்கவுண்ட் வகை எனக்கு மிகவும் பிடிக்கும். எண்ணிக்கை எல்லை மீறினால் சுழியத்துக்குத் திரும்பாமல் ஓரிடத்தில் உறைந்து நின்றுவிடும். அந்தப் பொருள் விடுவிக்கப்படவே படாது. அதாவது, லீக் ஆனால் ஆகட்டும், ரூட் போகக் கூடாது என்று கெர்னல்காரர்களே முடிவெடுத்தார்கள்.

2024 பிப்ரவரியிலிருந்து கெர்னல் குழுவே சிவிஇ எண் கொடுப்பதால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. பெரும்பாலானவை நம் இயந்திரத்தைத் தொடாதவைதான். எது தொடும் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பிரிக்க என்னிடம் ஆள் இல்லை. அதனால் திருத்தங்களைத் தொகுத்து வரும் ஸ்டேபிள் அப்டேட்டை மொத்தமாக ஏற்றிவிடுகிறேன்.

ஒருவழியாக இந்த ஞாயிறு அதிகாலை 3 மணிக்கு ரீபூட் அனுமதி கிடைத்திருக்கிறது. 20 நிமிடம்.