மறுபக்கத்தை எழுதியது பிழையா?

கடந்த வாரம் எல்லோருடைய கைபேசியிலும் சுற்றிய அந்த விடைத்தாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். படத்தை இங்கே திரும்பப் போட எனக்கு மனமில்லை. பெயரை மறைத்துவிட்டோம் என்கிறார்கள். கையெழுத்தை மறைக்கவில்லையே? ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒருவர் கையெழுத்து மற்றவருக்குத் தெரியாதா?

சாதாரண தரப் பரீட்சைக்கான தரம் 11 மீட்டல் வகுப்பு. ஆங்கிலத்தில் விவாதக் கட்டுரை. பாடசாலைக்குக் கைபேசி கொண்டுவர அனுமதிக்கலாமா என்பது தலைப்பு. அனுமதிக்கலாம் என்று அந்தப் பிள்ளை எழுதியிருக்கிறாள். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது அம்மாவின் கைபேசியில்தான் தனக்குப் பாடம் வந்தது என்று காரணம் காட்டியிருக்கிறாள். அடுத்த பந்தியை அப்படியே தமிழில் சொன்னால் இப்படி வரும்: கைபேசி கவனத்தைக் கெடுக்கும் என்பவர்கள் சொல்வது உண்மை, என் தம்பி இரவிரவாக அதில்தான் விளையாடுகிறான், ஆனால் அவன் விளையாடுவது கேட்க ஆளில்லாத நேரத்தில், பாடசாலையில் நேரமும் விதியும் இருக்கும்.

அந்தப் பந்தியைச் சுற்றித் திருத்திய ஆசிரியர் சிவப்பு மையில் போட்ட ஒரு வட்டம். பக்கத்தில் 'முரண்பாடு, மாதிரிக் கட்டுரையைப் பார்க்கவும்' என்று ஒரு குறிப்பு. படத்தின் கீழே பின்னூட்டங்களில் எங்கள் பெரியவர்களின் சிரிப்பு. 'இரண்டு பக்கமும் கட்சி', 'தம்பியைக் காட்டிக்கொடுத்த அக்கா' என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தவர்களும் எழுதியிருந்தீர்கள்.

அது முரண்பாடு இல்லை. விவாதக் கட்டுரையின் உயிரே அந்தப் பந்திதான். எதிர்த்தரப்பு சொல்வதில் எது நியாயம் என்று ஒப்புக்கொண்டு, அதற்குப் பிறகும் தன் முடிவு ஏன் நிற்கிறது என்று காட்டுவதைத்தான் ஆங்கில வகுப்பில் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கிறோம். சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். ஒரு பிள்ளை அதைத் தானாகவே செய்துவிட்டாள். அதற்கு வட்டம் போட்டோம்.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த முறை, எங்களுக்குப் புதிது என்று ஒருவர் பின்னூட்டத்தில் சொன்னார். ஐயா, எங்கள் பழைய இலக்கண நூலான நன்னூலில் எழுவகை மதம், அதாவது ஏழு வகைக் கொள்கை, என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. உடன்படல், மறுத்தல், அடுத்தது 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவு'. பிறர் கருத்தை முதலில் ஏற்று, பின்பு அதைக் களைவது. அந்தப் பிள்ளை செய்தது இதைத்தான். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பரபக்கம் (பிறர் பக்கம்), சுபக்கம் (தன் பக்கம்) என்று இரண்டாகவே பிரிந்திருக்கிறது. மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எடுத்துச் சொல்லி மறுத்துவிட்டுத்தான் தன் பக்கத்துக்கு வருகிறது. ஆறுமுக நாவலரை எடுங்கள். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்கும் வேலை செய்தவர். 1854இல் சைவத்தின் மீதான பழிப்புகளுக்கு மறுப்பாகச் சைவதூஷணபரிகாரம் எழுதியபோது, பாதிரிமார் எதைக் குறை சொன்னார்களோ அதற்கு நிகரானதை அவர்களுடைய வேதத்திலிருந்தே எடுத்துக் காட்டினார். மறுபக்கத்தை வாசிக்காதவரால் அது முடியுமா? நாவலர் சிலைக்கு மாலை போடுகிற ஊரில் மறுபக்கத்தை எழுதிய பிள்ளைக்குச் சிவப்பு வட்டம்.

சரி, அந்த மாதிரிக் கட்டுரையையும் தேடி வாசித்தேன். இது விஞ்ஞான யுகம், உலகம் சுருங்கிவிட்டது என்று தொடங்குகிறது. நன்மை மூன்று, தீமை மூன்று, முடிவில் 'அளவோடு பயன்படுத்துவோம்'. தலைப்பில் கைபேசியை எடுத்துவிட்டுத் தொலைக்காட்சியை வைத்தாலும் அது பொருந்தும். அதில் யாருடைய அம்மாவும் இல்லை, யாருடைய தம்பியும் இல்லை. எழுதியவர் எந்தப் பக்கம் என்பதே தெரியவில்லை. உண்மையில் இரண்டு பக்கமும் கட்சி என்றால் அதுதான்.

எனக்கு இவ்வளவு கோபம் வர ஒரு காரணம் இருக்கிறது. நான் படித்தது தொண்ணூறுகளின் முதல் பாதியில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில். ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெயை மிச்சம் பிடித்துப் படித்த காலம். கொப்பிக்கும் தட்டுப்பாடு, புது வினாத்தாள் என்ற பேச்சே இல்லை. எங்கள் ஆங்கில மாஸ்டர் வகுப்பை இரண்டாகப் பிரித்து விவாதம் வைப்பார். அடுத்த நாள் பக்கத்தை மாற்றிவிடுவார். நேற்று எதை எதிர்த்தாயோ இன்றைக்கு அதற்காகப் பேசு என்பார். அழுகை வரும். 'அவன் சொன்னதை அவனே ஒத்துக்கொள்ளிற மாதிரிச் சொல்லு, பிறகு மறு' என்பார். கடதாசி இல்லாததால் எல்லாம் வாயால்தான், கடைசியில் மட்டும் எழுதுவோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்த பிறகு, சாவகச்சேரிப் பக்கம் ஒரு மரத்தடியில் அவர் திரும்ப வகுப்புத் தொடங்கியபோதும் அதே வேலைதான். குண்டு விழுந்த காலத்தில் எங்களுக்குக் கிடைத்த அந்தச் சுதந்திரம் இன்றைக்கு அச்சடித்த கையேட்டோடு வரும் பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை?

கட்டுரையில் மட்டும் இது நிற்கவில்லை. அணிகளை மீட்டும் வகுப்பைப் பாருங்கள். 'லைக்' (போல) என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் சிமிலி (உவமை) என்று கோடு போடச் சொல்கிறார்கள். அவன் தகப்பனைப் போல இருக்கிறான் என்பது வெறும் சாயல், அதில் என்ன உவமை? அலிற்றரேசன் (மோனை போன்றது) என்றால் ஒரே எழுத்தில் தொடங்குவது என்று கொப்பியில் எழுதிக் கொடுக்கிறார்கள். அது ஒலியைப் பற்றியது. 'நைஃப்', 'கிங்' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து ஒன்றுதான், ஒலி வேறு. மோனையைக் காதால் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை ஒரு நிமிடத்தில் விளக்கலாம், வாய்விட்டு வாசித்தால் போதும். பெயர் சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள். கவிஞர் ஏன் காற்றை அழவைத்தார், காற்று வீசியது என்று எழுதியிருந்தால் எது குறைந்திருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. பேர்சொனிபிகேசன் (உயிரற்றதை மனிதராக்குவது) என்று எழுதினால் ஒரு புள்ளி, அடுத்த கேள்விக்குப் போ.

வாசித்து விளங்கும் பகுதியும் இப்படித்தான். பந்தியை வாசிக்காதே, கேள்வியில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடு, அந்த வரியை அப்படியே எழுது. நேரடிக் கேள்விக்கு இது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கதைப் பந்தியில் கிழவர் ஏன் கடிதத்தைத் திறக்காமல் வைத்தார் என்று கேட்டால், 'கடிதம்' என்ற சொல் உள்ள வரியைத்தான் எழுதிவிட்டு வருகிறார்கள். விடை அந்த வரியில் இல்லை, அதற்கு முன்பு அவருடைய கை நடுங்கிய இடத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க முழுவதையும் வாசிக்க வேண்டும், பிறகு ஒரு துணிவு வேண்டும். இது என் எண்ணம், இதற்கு இதுதான் ஆதாரம் என்று சொல்லும் துணிவு. அந்தத் துணிவைத்தான் வட்டம் போட்டு வெட்டுகிறோம்.

பரீட்சைக்குப் புள்ளிதானே முக்கியம், புள்ளியிடும் திட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். கருத்தைக் கேட்கும் கட்டுரைக்கு ஒரே விடை இருக்க முடியாது. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இன்னொரு கேள்வி நியாயமானது. தீவகத்திலும் வடமராட்சி கிழக்கிலும் ஆங்கில ஆசிரியருக்கே தட்டுப்பாடு, ஒரு வசனம் பிழையில்லாமல் எழுதத் தெரியாத பிள்ளைக்குப் பாடமாக்கின கட்டுரையாவது கைகொடுக்கும் என்று ஒரு தம்பி எழுதினார். அவரும் கற்பிக்கிறவர், வலி தெரிந்து பேசுகிறார். வசனங்களைப் பாடமாக்குவதை நான் எதிர்க்கவில்லை. 'சிலர் இப்படிச் சொல்வார்கள், ஆனால்' என்று தொடங்கும் நாலைந்து அமைப்புகளைப் பாடமாக்கிக் கொடுங்கள். அந்த 'ஆனால்' என்பதற்குப் பிறகு வருவது பிள்ளையுடையதாக இருக்கட்டும். ஆங்கிலம் குறைந்த பிள்ளைக்குச் சிந்தனையும் குறைவு என்று எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவுக்கு வலைக்கும் எண்ணெய்க்கும் போகும் கணக்கை வைத்து, கடலுக்குப் போவதா விடுவதா என்று வீட்டில் வாதாடுகிற பிள்ளைகள் அவர்கள்.

வட்டம் போட்ட ஆசிரியரை நான் அவமானப்படுத்துகிறேன் என்றும் சொல்லிவிட்டீர்கள். அவர் யாரென்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நேரே போய்ப் பேசியிருக்கலாமே என்றால், அந்தப் படத்தை ஊருக்குக் காட்டியது நானா? பதினாறு வயதுப் பிள்ளையைச் சிரிக்கும்போது யாருக்கும் வராத இரக்கம், பெரியவரைக் கேள்வி கேட்டவுடன் எல்லோருக்கும் வந்துவிட்டது. பிறகு நாங்களே மேடையில் ஏறி, இந்தக் காலப் பிள்ளைகள் வாய் திறக்குதுகள் இல்லை, கந்தோரில் போய் ஒரு கேள்வி கேட்கத் தெரியாது என்று பேசுகிறோம். பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் மோசம். ஒத்துப் பேசினால் நல்ல பிள்ளை, மறுத்துப் பேசினால் வாய்க்காரி, இரண்டையும் சேர்த்து நியாயமாகப் பேசினால் முரண்பாடு. இவள் எப்படித்தான் எழுத வேண்டும், சொல்லுங்கள்?

நேற்று என் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: 'ரீச்சர், அப்ப நாங்கள் மற்றப் பக்கத்தை எழுதாமல் விடுறதோ?' இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். அவர்களும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். எழுதுங்கோ பிள்ளை, நான் திருத்திறன் என்றேன்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பிள்ளை தானாக எழுதிய விவாதக் கட்டுரை ஏதும் வீட்டில் இருந்தால், எத்தனை இலக்கணப் பிழை இருந்தாலும் பரவாயில்லை, பெயரை எடுத்துவிட்டு உள்பெட்டிக்கு அனுப்புங்கள். மாதிரிக் கட்டுரை அனுப்ப வேண்டாம். வாசித்து, எதிர்த்தரப்பை எங்கே நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள், எங்கே மறுப்பு இன்னும் பலமாக வேண்டும் என்று எழுதி அனுப்புகிறேன். பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது.