அமர்க்களம் வேறு, ஆடம்பரம் வேறு

காசைக் கொட்டி நடத்துகிற எதையும் 'அமர்க்களமாக நடந்தது' என்று எழுதுகிறார்களே, அது எனக்கு உடன்பாடில்லை. கடலூரில் இப்போது காதுகுத்து வரை இதே பேச்சுதான். பளபளக்கும் மேடை, தலைக்குமேல் டிரோன் கேமரா, சாலையை அடைத்த பேனர். இதற்கு ஆடம்பரம் என்றே தனியாகச் சொல் இருக்கிறதே!

ஆடம்பரம் வடசொல். அங்கே அது ஒரு வகை முரசின் பெயர், பேரொலியையும் குறிக்கும். பிற்பாடு பகட்டு என்று பொருள் விரிந்தது. கோலாகலமும் மூலத்தில் வெறும் கூச்சல்தான். தடபுடலைச் சொல்லவே வேண்டாம், கேட்டாலே சத்தம்.

அமர்க்களம் நம் சொல். அமர் என்றால் போர், அமர்க்களம் போர்க்களம். 'அமரகத்து வன்கண்ணர் போலத் தமரகத்தும் ஆற்றுவார் மேற்றே பொறை' என்கிறது 1027ஆம் குறள். களத்தில் அஞ்சாத வீரர்மேல் பொறுப்பு விழுவதுபோல, குடும்பத்திலும் தாங்கக்கூடியவர்மேல்தான் சுமை விழும். பெண்ணுக்குக் கல்யாணம் செய்து பார்த்த யாருக்கும் இதற்கு உரை தேவையில்லை. ஆளுக்கொரு வேலையாக ஓடுவதும், ஒருவரை ஒருவர் கூவி அழைப்பதும், சுமப்பதும்தான் களத்தின் பெயரை விழாவுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் ஊர் உண்மையான அமர்க்களத்தையும் கண்டது. 1758இல் தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1783 ஜூனில் ஆங்கிலேயரும் அவர்களும் கடலூரில் தரையிலும் கடலிலும் மோதினார்கள்.

அதே தேவனாம்பட்டினத்தில் மாசி மகத்தன்று போய் நில்லுங்கள். சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்திறங்கும். மணலில் டிராக்டர் சக்கரம் புதையும். முன்பின் அறியாத பத்துப் பேர் தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். சாமி தூக்குகிறவர் தோளில் துண்டைச் சுருட்டி வைத்திருப்பார், கால் கணுக்கால்வரை மணலுக்குள் இருக்கும். மேளம் ஒரு பக்கம், தர்ப்பணம் கொடுப்பவர்கள் ஒரு பக்கம், கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்டுக் கூவுகிற தாய் ஒரு பக்கம். இதற்கு அமர்க்களம் என்று எழுதுங்கள், மனதார ஏற்றுக்கொள்கிறேன்.

பெரிய மண்டபத்துக் கல்யாணத்தையும் நான் ஒதுக்கவில்லை. பந்தியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு மாமன் மச்சான்கள் ஓடினால் அங்கேயும் அமர்க்களம் உண்டு. எல்லா வேலையையும் கூலிக்கு ஒப்படைத்துவிட்டு, சொந்தக்காரர்கள் வரிசையில் நின்று போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டால், எத்தனை லட்சம் செலவானாலும் அது ஆடம்பரம்தான்.