குவாடலூப் பாஸ் லார்ஜ்மவுத்தின் குட்டி அல்ல

"டெக்சாஸ் ஓடைகளில் சிக்கும் குவாடலூப் பாஸ் என்ற நன்னீர் மீன், வளராத லார்ஜ்மவுத் (பெரிய வாயுள்ள இன்னொரு பாஸ் இனம்) குட்டிதான், அதற்குத் தூண்டில் போடுவதே வீண்" என்று சிலர் சொல்வது தவறு. இது தனி இனம். டெக்சாஸைத் தவிர வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. 1989 முதல் அந்த மாநிலத்தின் மீனும் இதுதான்.

பிடித்ததும் வாயை மூடிப் பாருங்கள். லார்ஜ்மவுத்தின் மேல்தாடை கண்ணின் பின்விளிம்பைத் தாண்டும், இதற்குத் தாண்டாது. முதுகுத் துடுப்பின் முள் பகுதியும் மென்பகுதியும் இதில் இணைந்தே இருக்கும். லார்ஜ்மவுத்தில் நடுவே ஆழமான வெட்டு. ஸ்மால்மவுத் (மற்றொரு பாஸ் இனம்) என்று குழம்பியிருந்தால்கூட நியாயம் உண்டு: 1970களில் அதை இந்த ஆறுகளில் கொண்டுவந்து விட்டதில் இரண்டும் இனம் கலந்து, பல ஆறுகளில் தூய இனமே நலிந்துபோனது. வருத்தமான விஷயம்.

சாதனை எடையே 1.7 கிலோவுக்குள்தான், உண்மை. ஆனால் ஓடுநீரில் வாழும் மீன் இது, நீரின் விசையையும் சேர்த்துக்கொண்டு இழுக்கும். கனத்த தூண்டில் கோலில் அந்தச் சுகம் தெரியாது. 4 முதல் 6 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பு, 5 செ.மீ.க்குள் கிரேஃபிஷ் (நன்னீர் இறால் போன்றது) அல்லது பூச்சி வடிவ லூர் (செயற்கை இரை) போதும். இதன் இரையில் நீர்ப்பூச்சிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பெரிய லூரை முட்டிவிட்டுப் போய்விடும். தேங்கிய மடுவை விடுங்கள். பாறைக்குப் பின்னால் வேகநீரும் மந்தநீரும் உரசும் கோட்டுக்குச் சற்று மேலே வீசி, ஓட்டத்தோடு இறங்க விடுங்கள்.