யானையையே கட்டலாம் என்று விற்ற வார்

என் நாய் செம்பனின் எடை 38 கிலோ, என் எடை 54 கிலோ. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருப்பது ஒரு வாரும் அதன் நுனியில் தொங்கும் ஒரு கொக்கியும் மட்டுமே. செல்லப்பிராணிப் பொருள் விற்கும் கடைக்காரர்களில் ஒருவராவது இதை ஒரு முறையாவது நினைத்துப் பார்த்திருப்பாரா என்ற கேள்வி மூன்று வாரமாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை ஐந்தரை மணி, அடையாறு எல்.பி. சாலை. வெயில் ஏறிவிட்டால் தார்ச்சாலை நாயின் பாதத்தைப் பொசுக்கிவிடும் என்பதால் இந்த ஊரில் நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் கோழி கூவும் முன்பே வெளியே வந்துவிடுகிறோம். மெட்ரோ ரயில் பணிக்காக நிறுத்தியிருக்கும் தகரத் தடுப்புக்கும் வண்டிகள் போகும் தடத்துக்கும் இடையே ஓர் ஆள் ஒடுங்கி நடக்கும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. தடுப்பின் சந்திலிருந்து தெருநாய் ஒன்று குரைத்தபடி வெளியே வந்தது, செம்பன் பாய்ந்தான், 'டக்' என்று ஒரு சத்தம். வார் என் கையில் இருந்தது, கொக்கியில் பாதி வாரின் நுனியில் இருந்தது, நாய் நடுச்சாலையில் இருந்தான். வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரி கிறீச்சிட்டு நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்று கத்தினார். அவர் கேட்டது என்னையா நாயையா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை என்றாலும், கேட்டதில் தவறில்லை.

அந்த வாரை வாங்கிப் பதினேழு நாள்தான் ஆகியிருந்தது. விலை 850 ரூபாய். வாங்கும்போது நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: இது எத்தனை கிலோ இழுவையைத் தாங்கும்? கடைக்காரர் சிரித்தார். "லேப்ரடார்தானே மேடம்? இது ஹெவி டியூட்டி. யானையையே கட்டலாம்." முறிந்த கொக்கியை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போய் நின்றபோது, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்ன பதிலைக் கல்வெட்டில்தான் பொறிக்க வேண்டும்: "நாய் ரொம்ப இழுத்திருக்கும் மேடம்."

இழுக்கும் நாய்க்கென்றே விற்ற வார் அறுந்ததற்குக் காரணம் நாய் இழுத்ததாம்! மழையில் நனைந்ததால் குடை கெட்டுவிட்டது என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் அதன் எடை, தயாரித்த மாதம், அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதெல்லாம் அச்சிட்டிருக்கும். வீட்டு மின்தூக்கிக்குள் எத்தனை பேர் ஏறலாம், எத்தனை கிலோ ஏற்றலாம் என்று தகடு அடித்து வைத்திருப்பார்கள். ஆனால் நாய் வாரின் அட்டையில் 'ஸ்ட்ராங்', 'ஹெவி டியூட்டி', 'எக்ஸ்ட்ரா லார்ஜ்' என்ற மூன்று சொற்களும் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டின் படமும் மட்டுமே இருக்கின்றன. ஓர் எண் கூடக் கிடையாது. நான் ஏறி இறங்கிய நான்கு கடைகளிலும் இதே கதைதான்.

முறிந்த துண்டை வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். வெளியே கண்ணாடி போல் பளபளக்கும் முலாம், உள்ளே சாம்பல் நிறத்தில் உடைந்த ரொட்டித் துண்டு போலப் பொரபொரவென்று இருந்தது. துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்து, மேலே முலாம் பூசிய சரக்கு அது. எஃகைப் போல வளைந்து எச்சரிக்கை கொடுக்காமல் ஒரே நொடியில் முறிந்துவிடும். முறிந்த இடமும் கவனிக்கத்தக்கது. வாருக்கும் கொக்கிக்கும் நடுவில் முறுக்கு ஏறாமல் சுழல்வதற்காக வைத்திருக்கும் மெல்லிய கழுத்துப் பகுதி அது. அந்தப் பகுதி என் சுண்டுவிரல் நகத்தின் அகலம் கூட இல்லை. நைலான் பட்டையோ 25 மில்லிமீட்டர் அகலத்தில், கைப்பிடியில் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாக அழுத்தமான தையலோடு, இன்றும் புத்தம் புதிதாக இருக்கிறது. எல்லோரும் பட்டையைத்தான் இழுத்துப் பார்த்து வாங்குகிறோம், கொக்கியைத் திருப்பிப் பார்ப்பதில்லை. கழுத்துப் பெல்ட்டில் கொக்கி மாட்டும் வளையமும் அப்படியே. இரண்டு முனையையும் பற்றவைத்து மூடாமல் சும்மா வளைத்து விட்ட வளையமாக இருந்தால், ஒரு நல்ல இழுப்பில் வாய் திறந்துவிடும்.

போதாக்குறைக்குக் கடல் வேறு. பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், ஜன்னல் கம்பியைத் தின்னும் உப்புக்காற்று கொக்கிக்குள் இருக்கும் சிறு சுருள்வில்லை விட்டுவைக்குமா? வில் துருப்பிடித்தால் கொக்கியின் நாக்கு பாதி மூடிய நிலையில் நின்றுவிடும். மூடிவிட்டது என்று நாம் நம்பிக்கொண்டு நடப்போம். கடற்கரைக்குப் போய் வந்தால் கொக்கியை நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும் என்று விற்றவர்களில் ஒருவர் கூட எனக்குச் சொன்னதில்லை.

வெறுத்துப் போய்ப் பாரிமுனைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடைக்குள் நுழைந்தேன். கயிறும் சங்கிலியும் கொக்கியும் கூரையிலிருந்து தொங்கும் பழைய கடை. அங்கிருந்த பெரியவரிடம் வலுவான கொக்கி வேண்டும் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன லோடும்மா? தொங்குறதா, இழுக்கிறதா?" எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. நாய் என்றேன். "அப்ப ஜெர்க் லோடு, சட்டுனு வெட்டி இழுக்கிறது. அதுக்குக் கணக்கு வேற" என்று சொல்லிவிட்டு, உயரத்தில் வேலை செய்பவர்கள் இடுப்பு வாரில் மாட்டிக்கொள்ளும் திருகுப் பூட்டுள்ள காராபினர் ஒன்றை எடுத்து வைத்தார். அதன் உடலில் 22 கிலோநியூட்டன் என்று பொறித்திருந்தது. ஏறக்குறைய 2,200 கிலோ எடைக்குச் சமமான விசை அது. நாயே வளர்க்காத அந்த மனிதருக்குத் தெரிந்த விஷயம், நாயை வைத்தே பிழைப்பவர்களுக்குத் தெரியாமல் போனது எப்படி? (காராபினர் என்ற பெயரில் சாவிக்கொத்துக்கு விற்பதை வாங்கிவிடாதீர்கள். பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருந்தாலும் அது வெறும் பொம்மை.)

அவர் சொன்ன கணக்கை வீட்டில் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை மீட்டர் தளர்வில் பாயும் 38 கிலோ நாய், வார் விறைக்கும் கணத்தில் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தை எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். என் கை முன்னால் இழுபட்டு 30 சென்டிமீட்டருக்குள் அதை நிறுத்தினால், என் தோளில் விழும் சராசரி விசை சுமார் 58 கிலோ, அதாவது என்னைவிடக் கொஞ்சம் அதிகம். அதே நாய்க்கு 5 மீட்டர் ஓட இடம் கொடுத்து அதன் வேகம் இரட்டித்து 6 மீட்டர் ஆனால், விசை இரட்டிக்காது, நான்கு மடங்காகி 230 கிலோவைத் தாண்டும். வேகத்தின் வர்க்கத்தோடு ஆற்றல் கூடும் என்று பள்ளியில் படித்ததுதான்.

இந்தக் கணக்கு புரிந்த பிறகுதான் அடுத்த கடைக்காரர் எனக்குப் பரிந்துரைத்த பொருளின் மீது முழுக் கோபமும் வந்தது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் மெல்லிய கயிறு சுருண்டிருந்து, நாய் போகப் போக 5 மீட்டர் வரை நீளும் சுருள் வார் அது. இழுக்கும் நாய்க்கு இதைவிடக் கெட்ட வாத்தியார் கிடையாது, ஏனென்றால் இழுத்தால் கயிறு வரும் என்பதையே ஒவ்வொரு அடியிலும் அது சொல்லிக்கொடுக்கிறது. அந்தக் கயிறு ஓடும்போது கையால் பிடித்தால் தோலை உரித்துவிடும், விரலில் சுற்றிக்கொண்டால் விரலே போகலாம். கூடு கையிலிருந்து நழுவினால், கடகடவென்று தரையில் உருண்டு துரத்தும் அந்தச் சத்தத்துக்குப் பயந்தே நாய் இன்னும் வேகமாக ஓடும். சின்ன நாயோடு வெட்டவெளியில் நடப்பவர் வைத்துக்கொள்ளட்டும். எல்.பி. சாலையில் 38 கிலோவுக்கு அதை நீட்டுவது பச்சையான பொறுப்பின்மை.

மூன்றாவது கடையில் சங்கிலியைக் காட்டினார்கள். சங்கிலி அறாது என்பது உண்மையாகவே இருக்கட்டும், அதைப் பிடிக்கும் கை என்ன ஆகும்? துளியும் நெகிழாத இரும்பு, அதிர்ச்சி முழுவதையும் ஒரு முனையில் நாயின் கழுத்துக்கும் மறு முனையில் என் தோளுக்கும் அப்படியே கடத்துகிறது. அதோடு சேர்த்து உள்பக்கம் முள் வைத்த பெல்ட் ஒன்றையும் எடுத்துப் போட்டு, "ரெண்டே நாள்ல அடங்கிடும்" என்றார் பையன். கழுத்தில் மூச்சுக்குழல் இருக்கிறது என்பதும், கழுத்தை நெருக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது என்பதும் அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலும்.

நான்காவது இடத்தில், கழுத்துக்குப் பதிலாக நெஞ்சையும் முதுகையும் சுற்றி மாட்டும் ஹார்னஸ். நல்ல யோசனைதான், ஆனால் கொக்கி மாட்டும் வளையம் முதுகில் இருந்தது. மாட்டுக்கு நுகத்தடி வைப்பது எதற்கு? வலிக்காமல், முழு உடம்பையும் கொடுத்து வண்டியை இழுப்பதற்கு! முதுகில் கொக்கி மாட்டிய ஹார்னஸ் நாய்க்குச் செய்வதும் ஏறத்தாழ அதையே. இழுக்கும் நாய்க்கு வேண்டியது நெஞ்சின் முன்பக்கத்தில் வளையம் உள்ள ஹார்னஸ். இழுத்தால் நாயின் உடம்பே பக்கவாட்டில் நம் பக்கம் திரும்பிவிடும், இழுவைக்குப் பலம் கிடைக்காது. மூக்கைச் சுற்றி மாட்டும் தலைவாரும் உண்டு. மூக்கணாங்கயிறு மாட்டை அடக்குவது போல, தலை திரும்பினால் உடம்பும் திரும்பும். ஆனால் அதை மாட்டிவிட்டு நீளமான வாரில் ஓடவிட்டாலோ வெடுக்கென்று சுண்டினாலோ கழுத்து பிசகிவிடும் என்ற எச்சரிக்கை இல்லாமல் அதை விற்கவே கூடாது. சிப்பிப்பாறை வளர்க்கும் என் தோழியின் பாடு வேறு. அந்த இனத்துக்குத் தலை கழுத்தைவிட ஒல்லி, பின்னால் நகர்ந்து தலையை ஓர் உருவு உருவினால் பெல்ட் கையோடு வந்துவிடும். இழுக்கும்போது மட்டும் அளவோடு இறுகும் மார்ட்டிங்கேல் பெல்ட் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. நம் மண்ணின் நாய்க்கு நம் ஊர்க் கடையில் ஏற்ற பெல்ட் இல்லை!

கடைக்காரர்களை மட்டும் திட்டினால் போதாது. ஸ்கூட்டரை ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையில் நாயைப் பிடித்து ஓடவிடும் கனவான்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். வாரை மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு போகிறவர்களுக்குக் கணக்கே இல்லை. நாய் பாய்ந்தால் எலும்பு முறியும், இல்லாவிட்டால் நம்மைத் தரையோடு இழுத்துப் போகும், விட நினைத்தாலும் விட முடியாது. கைப்பிடியை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடி, மற்றக் கையால் நாய்க்கு அருகில் வாரைப் பிடித்து, முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வதில் என்ன சிரமம்? ஹார்னஸிலிருந்து கழுத்துப் பெல்ட்டுக்கு ஒரு சிறு துணைவாரும் நான் இப்போது மாட்டுகிறேன். ஒன்று போனாலும் மற்றொன்று பிடிக்கும்.

"அடக்கத் தெரியாதவங்க ஏன் நாய் வளக்கணும்?" என்று கீழ்வீட்டுப் பெரியவர் காதில் விழும்படி சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறிய ஊர் இது, அவருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். சட்டமும் அவர் பக்கம்தான். நம்மிடமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அன்று லாரிக்குப் பதிலாகப் பள்ளிக்குப் போகும் குழந்தை எதிரே வந்திருந்தால், கடைக்காரரையும் அவருடைய யானையையும் அல்ல, என்னைத்தான் தேடி வந்திருப்பார்கள்.

முறிந்த கொக்கி இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்றவர், இரக்கப்பட்டு அதே மாதிரி வார் இன்னொன்றை நூறு ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொன்னார். நேற்று அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், அதே அட்டை, அதே ஜெர்மன் ஷெப்பர்ட் படம், கடை வாசலிலேயே தொங்குகிறது. ஒரு பையன் அதன் பட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.