ரெய்டர்ஸ் போனார்கள், கடன் மட்டும் ஓக்லண்டில் தங்கியது

போன வாரம் ஒரு விருந்தில், பக்கத்து ஊரில் இருக்கும் நண்பர் சொன்னார்: "உங்க ஊரால ஒரு டீமைக்கூட வெச்சுக்க முடியல. மூணும் போயிடுச்சு." பிறந்தநாள் வீட்டில் வாக்குவாதம் வேண்டாம் என்று அப்போது விட்டுவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. இருபது வருடமாகக் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் வரி கட்டுகிறேன், அதே இருபது வருடமாக ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அணியின் ரசிகன். என் பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

அவர் சொன்ன கணக்கு சரிதான். 2019ல் வாரியர்ஸ் கூடைப்பந்து அணி வளைகுடாவைத் தாண்டி சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனது. 2020ல் ரெய்டர்ஸ் லாஸ் வேகஸுக்கு. 2024 செப்டம்பர் 26 அன்று ஏஸ் பேஸ்பால் அணியும் இங்கே கடைசி ஆட்டம் ஆடிவிட்டுக் கிளம்பியது. இதில் ரெய்டர்ஸ் கதை மட்டும் தனி. அந்த அணியை வைத்துக்கொள்ள இந்த ஊர் தன் சக்திக்கு மீறிக் கடன் வாங்கியது. அது தெரியாதவர்கள்தான் 'முடியவில்லை' என்கிறார்கள்.

1982ல் ரெய்டர்ஸ் முதல்முறை ஓக்லண்டை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போனார்கள். அதைத் தடுக்க நகராட்சி செய்ததைக் கேட்டால் இன்றும் ஆச்சரியமாக இருக்கும். சாலை போட நிலம் எடுப்பார்களே, அதே சட்டத்தின் கீழ் ஃபுட்பால் அணியையே கையகப்படுத்தக் கேட்டு நீதிமன்றம் போனது. பல வருடம் நடந்த வழக்கில் கடைசியில் தோற்றது. தோற்றாலும், அணி ஊருக்குச் சொந்தம் என்று நம்பிய ஒரு நகர மன்றம் இங்கே இருந்தது என்பதில் எனக்குப் பெருமைதான்.

1995ல் அணி திரும்பி வந்தது. வரவழைக்க நகராட்சியும் ஓக்லண்ட் இருக்கும் அலமேடா கவுண்டியும் (மாவட்டம் மாதிரி) சேர்ந்து சுமார் 20 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டன. அணி ஆடும் கொலீசியம் ஸ்டேடியத்தில் மலை மாதிரி ஒரு புதிய பார்வையாளர் மாடத்தைக் கட்டினார்கள். உரிமையாளர் அல் டேவிஸ் பெயரை வைத்து ஊரே அதை 'மவுண்ட் டேவிஸ்' என்று கூப்பிட்டது. முன்பு மைதானத்தில் உட்கார்ந்தால் ஓக்லண்டின் குன்றுகள் தெரியுமாம். இந்தக் கான்கிரீட் அதை மறைத்துவிட்டது.

அந்தக் கடனை எப்படி அடைப்பதாகத் திட்டம்? ரசிகர்களுக்கு 'இருக்கை உரிமம்' விற்று. அதாவது டிக்கெட் வாங்கும் உரிமைக்கே முதலில் ஒரு தொகை, அப்புறம் டிக்கெட்டுக்குத் தனியாகப் பணம். எதிர்பார்த்த அளவு அது விற்கவில்லை. பாரம் மொத்தமும் பொதுக் கஜானா தலையில் விழுந்தது. நகரமும் கவுண்டியும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் கட்டின. கடனின் தவணை 2025 வரை. ரெய்டர்ஸ் லாஸ் வேகஸில் ஐந்து சீசன் ஆடி முடித்த பிறகும் அவர்களுக்காகக் கட்டிய மாடத்துக்கு நாங்கள் பணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் உண்டு. ஆட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பு டிக்கெட் எல்லாம் விற்கவில்லை என்றால் அந்த ஊர்த் தொலைக்காட்சியில் ஆட்டத்தைக் காட்டக்கூடாது என்று என்எஃப்எல், அதாவது இந்த ஃபுட்பால் அணிகளின் லீக், விதி வைத்திருந்தது. 2015ல்தான் அதை நிறுத்தி வைத்தார்கள். நான் வந்த புதிதில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை, ஐந்து மைல் தூரத்தில் நடக்கும் ஆட்டத்தை ரேடியோவில் கேட்டிருக்கிறேன். ஸ்டேடியத்துக்குக் கடன் கட்டுகிற ஊர் மக்களுக்கே அந்த ஆட்டம் டிவியில் கிடையாது! இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அதனால்தான், 2015ல் மேயரான லிபி ஷாஃப் "புது ஸ்டேடியம் கட்ட வரிப்பணம் தர மாட்டோம்" என்று நின்றது சரி என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். சாலை மாதிரியான அடிப்படை வசதிகளுக்கு உதவ நகரம் தயாராகவே இருந்தது. ஆனால் நெவாடா மாநிலம் ஹோட்டல் அறை வரியிலிருந்து 75 கோடி டாலர் எடுத்துக் கொடுத்தது. சுற்றுலாப் பயணிகள் குவிகிற லாஸ் வேகஸால் அது முடியும். ஓக்லண்ட் எங்கிருந்து கொடுக்கும்? 2017 மார்ச்சில் லீக்கின் எல்லா அணி உரிமையாளர்களும் இதற்கு வாக்களித்தார்கள். 31 பேர் போகலாம் என்றார்கள், ஒருவர் மட்டும் வேண்டாம் என்றார்.

வலிக்கவில்லையா என்றால், நிறையவே வலித்தது. 2019 டிசம்பர் 15, ஜாக்சன்வில்லுக்கு எதிரான கடைசி ஆட்டத்துக்குப் போயிருந்தேன். 20-16 என்று கடைசி நிமிடத்தில் தோற்றார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர், வெள்ளியும் கறுப்புமாக முகத்தில் சாயம் பூசியவர், ஆட்டம் முடிந்து வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. அவர் மாதிரி ஆட்களின் பாசத்தைத்தான் லீக் பேரம் பேசப் பயன்படுத்துகிறது. என்எஃப்எல்லில் மொத்தம் 32 அணிதான். அணி கேட்கும் ஊர்கள் அதைவிட அதிகம். எந்த மேயர் முடியாது என்றாலும், தர இன்னோர் ஊர் தயாராக நிற்கும். 2016ல் சான் டியேகோ மக்கள் ஸ்டேடியத்துக்கான வரியை வாக்குப்போட்டு நிராகரித்தார்கள். அடுத்த வருடமே அந்த ஊர் அணியான சார்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டது. 2024ல் மிசூரியின் ஜாக்சன் கவுண்டி மக்களும் ஸ்டேடிய வரிக்கு முடியாது என்றார்கள். 2025 டிசம்பரில் அங்கே ஆடும் சீஃப்ஸ் அணி மாநில எல்லையைத் தாண்டி கன்சாஸுக்குப் போவதாக அறிவித்தது.

நகராட்சி செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. கொலீசியத்தில் தனக்கிருந்த பாதிப் பங்கை விற்று, அந்தப் பணத்தில் பட்ஜெட் பற்றாக்குறையை அடைக்கத் திட்டமிட்டது பெரிய தப்பு. வீட்டை விற்று மளிகைக் கடன் அடைப்பது மாதிரி. மாதாமாதம் வரும் செலவுக்கு ஒரே ஒருமுறை வரும் பணத்தை நம்பினார்கள். அந்தப் பணமும் சொன்ன நேரத்தில் வரவில்லை. 2025 ஜனவரியில் சில தீயணைப்பு நிலையங்களைத் தற்காலிகமாக மூடினார்கள். 1991ல் குன்றுப் பகுதியில் பற்றிய தீயில் 25 பேர் இறந்த ஊர் இது. இங்கே தீயணைப்பு நிலையத்தை மூடுவதை என்னால் ஏற்கவே முடியாது. 2024 நவம்பரில் மக்கள் வாக்களித்து மேயர் ஷெங் தாவை நீக்கினார்கள், அடுத்த ஏப்ரலில் பார்பரா லீ வென்றார். ஆள் மாறினால் மட்டும் போதாது. கொலீசியம் நிலத்தை வைத்து யார் எந்தத் திட்டம் கொண்டுவந்தாலும், எத்தனை வீடு வரும், கிழக்கு ஓக்லண்ட் பிள்ளைகளுக்கு எத்தனை வேலை வரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். நகர மன்றக் கூட்டத்தில் எனக்குப் பேசக் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் ஒவ்வொரு முறையும் இதைத்தான் கேட்கிறேன்.

2025 மார்ச்சில் மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி கொலீசியம் போனேன். ஓக்லண்ட் ரூட்ஸ் என்ற கால்பந்து அணி, அதாவது நம் ஊரில் ஆடுகிற, காலால் உதைக்கிற பந்து, அங்கே ஆடிய முதல் ஆட்டம் அது. அந்த அணி ரசிகர்களுக்கும் சிறு சிறு பங்குகள் விற்றிருக்கிறது. பங்கு போட்டவர்களில் இந்த ஊரில் பிறந்து ரெய்டர்ஸுக்கு ஆடிய மார்ஷான் லிஞ்சும் ஒருவர். அன்று 26,000 பேருக்கு மேல் வந்தார்கள். ரயில் நிலையத்திலிருந்து போகும் நடைபாலத்தில் பாதிப் பேர் பழைய ரெய்டர்ஸ் சட்டையில்தான் இருந்தார்கள். "இது நம்ம டீமாப்பா?" என்று மகள் கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன்.