சமணர் மலையில் டப்பா புதைக்கலாமா?

"மதுரை கீழக்குயில்குடி சமணர் மலையில பாறை இடுக்குல டப்பாவைப் புதைச்சு, போன் காட்டுற ஜிபிஎஸ் எண்ணைப் போட்டா ஜியோகேச் ரெடி"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். (ஜியோகேச்னா, ஒருத்தர் ஒளிச்சு வைக்க, மத்தவங்க ஜிபிஎஸ் எண்ணை வச்சுத் தேடிக் கண்டுபிடிக்கிற டப்பா; அந்த விளையாட்டுதான் ஜியோகேச்சிங்.) தப்புங்க. அது தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம். சமணச் சிற்பமும் வட்டெழுத்தும் இருக்கிற பாறையைத் தொடவே கூடாது. பொதுவாவே குழி தோண்டிப் புதைக்கக் கூடாது என்பதே ஜியோகேச்சிங் விதி. இட உரிமையாளர் அனுமதி வேணும். அடுத்த டப்பாவுக்கு 161 மீட்டர் இடைவெளியும் வேணும்.

எண்ணிலும் சிக்கல் இருக்கு. பாறையில் ஜிபிஎஸ் சிக்னல் பட்டுத் தெறிக்கும், ஒரே அளவை நம்பாம பல தடவை எடுத்துச் சராசரி பாருங்க. 9° 55.500' என்பது 55 நிமிடம் 30 விநாடி. அதை 50 விநாடின்னு படிச்சா 600 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்த் தேடுவீங்க. மூடியில் ரப்பர் வளையம் இல்லேன்னா ஐப்பசி மழைக்கே உள்ளே இருக்கும், கண்டுபிடிச்சவங்க கையெழுத்துப் போடுற தாள் கூழாயிடும்.