அருஞ்சொற்பொருள் நோட்டைக் கொஞ்ச நாள் மூடி வைக்கலாமா?

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அருஞ்சொற்பொருளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, நோட்டில் இறக்கச் சொல்லி, மறுநாள் ஒப்பிக்க வைக்கும் பழக்கத்தால் ஒரு சொல்கூடப் பிள்ளைகள் வாயில் தங்குவதில்லை என்பது என் கருத்து. 'தயங்கு: பின்வாங்கு' என்று படிக்கிற மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டுமே புதுசு. ஒன்றுக்கு இரண்டாகச் சுமை ஏற்றியதுதான் மிச்சம்.

நான் வேலை பார்ப்பது ஏற்காட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில். மலையாளி என்று பெயர் கொண்ட இந்த மலைப் பழங்குடி வீட்டுப் பிள்ளைகளும் காபித் தோட்டத்துக் கூலி வீட்டுப் பிள்ளைகளும்தான் அதிகம். "இவங்களுக்குச் சொல்வளம் கம்மி" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று வரும். எந்தக் காபிப் பழத்தைப் பறிக்கலாம், எதை விடணும், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி எப்படி ஏறும் என்று கேட்டுப் பாருங்கள், மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார்கள்.

இடறுவது வேறு இடத்தில். அமெரிக்காவில் இசபெல் பெக் போன்ற கல்வி ஆய்வாளர்கள் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். முதல் அடுக்கு வீட்டுப் பேச்சிலேயே வந்துவிடும். மூன்றாவது அடுக்கு, ஒளிச்சேர்க்கை மாதிரி, பாடத்தோடு வரும். நடுவில் இருக்கிற ஒப்பிடு, வேறுபாடு, வற்புறுத்து, தயங்கு போன்றவை வீட்டில் காதில் விழாது, ஆனால் எல்லாப் புத்தகத்திலும் வரும். மெனக்கெட வேண்டியது இவற்றுக்குத்தான். ஒரு கூடையில் 45 பழம், இன்னொன்றில் 28, வேறுபாடு என்ன என்று கேட்டால், "ஒண்ணு பெரிய கூடை, ஒண்ணு சின்னது" என்று பதில் வருகிறது. அப்படிச் சொன்ன பையன் கடன் வாங்கிக் கழிப்பதில் கெட்டிக்காரன்; இடறியது சொல்லில்தான்.

வாரத்துக்கு ஐந்தாறு சொல் போதும். முதலில் கதையை வாசித்துவிட வேண்டும், அப்புறம் சொல்லைப் பிடித்துக்கொள்ளலாம். 'தயங்கு' வந்த அன்று ஒருத்தி கேட்டாள், "ஏரியில படகு ஏறாம நின்னாங்களே எங்க ஆயா, அது மாதிரியா டீச்சர்?" பக்கத்தில் இருந்தவன் விடவில்லை: "அது பயம்." நான் நடுவில் புகுந்து, பசிக்கிறவன் சோற்றைப் பார்த்துத் தயங்குவானா என்றேன். "விருந்துக்குப் போன வீடுன்னா தயங்குவான் டீச்சர்!" எந்த அகராதியும் இவ்வளவு நன்றாகச் சொல்லாது. அந்த வாரம் முழுக்கத் தண்ணீர் கேட்கவும் கை தூக்கவும்கூட அந்தச் சொல்லை இழுத்துக்கொண்டு வந்தார்கள். வீட்டுச் சொல்லையும் தடுக்கக் கூடாது. மரவள்ளி என்று புத்தகத்தில் வந்தால், "நம்ம குச்சிக்கிழங்குதான்" என்று சொல்லிவிட்டுப் போவதில் என்ன குறைந்துவிடும்?

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் பிடிபட வேண்டும் என்று 2022-ல் தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளின் திறனைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித்தருவது எனக்குப் பிடித்த விஷயம்தான். ஆனால் மலர் நிலைப் பிள்ளை கடகடவென்று வாசிக்கிறாள் என்பதாலேயே வாசித்தது புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. நிறுத்திக் கேட்டால்தான் தெரியும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பீர்கள். ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு நானும்தான் அல்லாடுகிறேன். பொருள் எழுதவைக்கிற நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், தாராளமாகப் போதும். நோட்டில் பக்கம் நிரம்பவில்லையே என்று பார்வையிட வருகிறவர்கள் கேட்டால், ஏதாவது ஒரு பிள்ளையை எழுப்பி, ஒரு சொல்லைக் கொடுத்து, சொந்தமாக ஒரு வாக்கியம் கேட்கச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடட்டும்.